சாயாத தூண்கள்

மேல்மலையனூரில் என் ஸ்டுடியோவுக்கு வருவது பெரும்பாலும் கல்யாண வேலையும் அங்காளம்மன் கோயில் மாசித் திருவிழா வேலையும்தான். கட்டடம் எடுக்கும் ஆசை செஞ்சிக் கோட்டைக் கல்யாண மகாலில் பிறந்தது. அடுக்கடுக்காக உயரும் அதை அண்ணாந்து எடுத்தால் உச்சி ஒடுங்கிப் பின்னால் சாயும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் அறிவியல் கட்டடங்களிலும் அதே சிக்கல்தான். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கிய நிறுவனத்துக்காகக் கிண்டிக் காட்டுப் பகுதியில் எழுந்த வளாகம் அது. புள்ளிமான் குறுக்கே போகும். ஆலமரம் முகப்பை மறைக்கும். மரத்தை வெட்டாமல் கட்டியவர்களைக் கும்பிடத் தோன்றும், ஆனால் தள்ளி நின்று எடுக்க இடம் கிடைக்காது. கிட்ட நின்று கேமராவை நிமிர்த்தினால் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சரியும். கேமராவை முக்காலியில் மட்டமாக நிறுத்தி, டில்ட்-ஷிப்ட் லென்ஸை மட்டும் மேலே நகர்த்த வேண்டும். சென்சார் சுவருக்கு இணையாகவே இருப்பதால் கோடுகள் நேராக நிற்கும். அந்த லென்ஸ் விலை அதிகம். இல்லாதவர்கள் எதிர்க்கட்டடத்தின் நடுமாடியிலிருந்து எடுக்கலாம்.

கான்கிரீட்டுக்கு உச்சிவெயில் ஆகாது. கலிபோர்னியாவில் லூயி கான் வடிவமைத்து 1965இல் முடிந்த சால்க் ஆய்வுக்கூடத்தை எஸ்ரா ஸ்டோலர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் கான்கிரீட்டை வார்த்த பலகை அச்சின் தடம் எழுந்து வரும்.

புதுக் கட்டடங்களில் கண்ணாடி அதிகம். கண்ணாடிப் பரப்புக்கு முப்பது, நாற்பது டிகிரி சாய்வாக நின்று, லென்ஸில் மாட்டிய போலரைசரைத் திருப்பினால் பிரதிபலிப்பு அடங்கி, உள்ளே இருக்கும் மேசைகள் தெரியும்.

ஆய்வகத்துக்குள் போகுமுன் லேசர் ஓடுகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு கீற்று பட்டாலே சென்சார் பழுதாகலாம்.