சட்டைப் பையில் ஒரு பாட்டுப் பெட்டி

"கையிலதான் போன் இருக்கு, அதிலேயே பாட்டு வருது. அப்புறம் எதுக்குங்க தனியா ஒரு பெட்டி?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கம் உள்ள தோட்டத்து வீடுகளில் நிலைமை என்ன? வீட்டில் நல்ல போன் ஒன்றுதான் இருக்கும். அதைப் பிள்ளை பள்ளிக்கூடப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் வேலைக்குப் போகிறவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டில் இருக்கும் ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் பாட்டு இல்லை. செம்பனைக் காட்டுக்குள் போனால் சில இடங்களில் லைனும் கிடைப்பதில்லை. இணையத்தில் பாட்டுக் கேட்டால் டேட்டா தீர்ந்து மறுபடி காசு போட வேண்டும். கடைசியில் போன் மழையில் நனைந்தால் எல்லாம் சேர்ந்து போச்சு.

அதனால் எம்.பி.3 பெட்டி என்கிற அந்தச் சின்னச் சாமானுக்கு நம் மக்களிடம் இன்னும் வேலை இருக்கிறது. தீப்பெட்டி அளவு, சட்டைப் பைக்குள் அடங்கும், இணையம் வேண்டாம், சிம் கார்டு வேண்டாம். நூறு வெள்ளியை ஒட்டியும் அதற்குக் கீழேயும் கிடைக்கிறது.

நூறு வெள்ளி என்றால் சும்மாவா? 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. அப்படியானால் இந்தப் பெட்டி ஒன்றரை நாள் வேர்வை. ஒன்றரை நாள் குலை வெட்டிய காசை ஏமாற்றுக்காரன் கையில் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

தோட்டத்து ஆளுக்குப் பாட்டுப் பெட்டி ஆடம்பரம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில், துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி வேண்டும் என்பதும் ஒன்று. சைக்கிளே ஆடம்பரமாகத் தெரிந்த காலம் அது.

முதலில் காசில்லாத வழியைச் சொல்லிவிடுவோம். அலமாரியைத் திறந்து பாருங்கள். கண்ணாடி கீறல் விழுந்து, சிம் கழற்றி, மூலையில் போட்ட பழைய போன் ஒன்று கிடக்கும். பேட்டரி உப்பாமல் இருந்தால் அதுவே நல்ல பாட்டுப் பெட்டி. ஒரு மெமரி கார்டைப் போட்டு, பாட்டை ஏற்றி, இணையத்தை அணைத்துவிட்டு ஆயாவிடம் கொடுத்தால் தீர்ந்தது. பேட்டரி உப்பி முதுகு தூக்கியிருந்தால் மட்டும் அதைத் தொடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். தீப்பிடிக்கிற சாமான் அது.

பழைய போன் இல்லை, அல்லது வயதானவருக்குக் கண்ணாடித் திரையைத் தேய்க்க வரவில்லை என்றால், பெட்டி வாங்கலாம். வாங்கும்போது திரையின் அழகைப் பார்த்து மயங்காதீர்கள். நாம் பார்க்கச் சொல்வது பொத்தானை. பாடு, நிறுத்து, முன்னே, பின்னே, சத்தம் கூட்டு, குறை என்று விரலால் தடவினாலே தெரிகிற பொத்தான் இருக்க வேண்டும். கையுறை போட்ட கைக்கும், கண் மங்கிய தாத்தாவுக்கும் அதுதான் தோது.

அடுத்தது கார்டு போடும் துவாரம். பெட்டிக்குள்ளேயே நினைவகம் இருக்கிறது என்று சொல்லி விற்பார்கள். இருக்கட்டும், ஆனாலும் தனிக் கார்டு போடும் வசதி அவசியம். பெட்டி கெட்டாலும் கார்டில் உள்ள பாட்டு கையில் இருக்கும். சாதாரணத் தரத்தில் பதிந்த எம்.பி.3 பாட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி இடம் பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டுக்கு 4 எம்பி. ஒரு ஜிபியில் 250 பாட்டு, 16 ஜிபி கார்டில் ஏறக்குறைய 4,000 பாட்டு. நாளைக்கு 40 பாட்டு கேட்டாலும் முடிக்க நூறு நாள் ஆகும். ஆகவே 16 அல்லது 32 ஜிபி தாராளம். மலிவுப் பெட்டிகளில் பல 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்கவும் மாட்டா.

இங்கேதான் திருட்டுத்தனம் நடக்கிறது. பாசார் மாலாமிலும் இணையக் கடையிலும் 512 ஜிபி, 1,000 ஜிபி என்று அச்சடித்த கார்டு பத்து, பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கிறது என்றால் அது பொய்க் கார்டு. உள்ளே இருப்பது 8 ஜிபியாக இருக்கும். ஏற்றும்போது எல்லாப் பாட்டும் ஏறியதாகவே காட்டும். கேட்கும்போது பாதிப் பாட்டு ஊமையாகிவிடும். கார்டு வாங்கிய உடனே அதை முழுக்க நிரப்பி, கடைசியில் ஏற்றிய பாட்டைப் போட்டுப் பாருங்கள். பாடினால் கார்டு உண்மை.

கடைக்குப் போகும்போது சொந்தக் கார்டில் பத்துப் பாட்டும், சொந்த இயர்போனும் கொண்டுபோங்கள். தவுக்கேயிடம் கேட்டு அங்கேயே போட்டுப் பாருங்கள். போட விடமாட்டேன் என்றால் வேறு கடைக்கு நடையைக் கட்டுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். கெட்ட சாமானை மாற்ற மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டியதில்லை. நூறு வெள்ளிச் சாமானுக்கா மன்றம் என்று கூச்சப்படாதீர்கள். அந்த மன்றம் ஏற்பட்டதே நம் போன்றவர்களுக்குத்தான்.

வானொலி வருகிற பெட்டியாக வாங்குவது நல்லது. நம் வட்டாரத்தில் மின்னல் 96.3, ராகா 99.3 என்ற கிள்ளான் பள்ளத்தாக்கு அலைவரிசைகளைத் தேடிப் பாருங்கள். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: இந்தச் சின்னப் பெட்டிகளில் இயர்போன் கம்பிதான் ஏரியல். கம்பி இல்லாத புளூடூத் இயர்போனை மாட்டிக்கொண்டு "ரேடியோ எடுக்கவே மாட்டேங்குது" என்று பெட்டியைத் திட்டிப் பயனில்லை. கம்பியைச் செருகி நேராகத் தொங்க விடுங்கள், எடுக்கும்.

தனியாகக் கேட்க வேண்டாம், வீடே கேட்க வேண்டும் என்றால் ஸ்பீக்கர் வைத்த பெட்டி உண்டு. இந்தியாவில் பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுக் கம்பெனியின் வாரிசான சரிகம நிறுவனம் 2017-இல் காரவான் என்ற பெட்டியை வெளியிட்டது. பழைய டிரான்சிஸ்டர் போலத் தோற்றம், உள்ளே பாட்டு ஏற்கெனவே ஏற்றியிருக்கும். தமிழுக்கும் 5,000 பாட்டுகளோடு ஒன்று வந்தது. பெரியவர்கள் திருகிக் கேட்கச் சுகமான சாமான். ஆனால் விலை நம் கணக்குக்கு மேலே. பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கலாம். கடன் தவணையில் வாங்க வேண்டாம் என்பது நம் கருத்து.

பாட்டு ஏற்றித் தரும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு சொல். மலிவுப் பெட்டிகளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், முன்னால் 001, 002 என்று எண் போட்டு வையுங்கள். சில பெட்டிகள் பெயர் வரிசையைப் பார்க்காது. எந்தப் பாட்டை முதலில் ஏற்றினீர்களோ அதையே முதலில் பாடும். ஆகவே ஏற்றும்போதே ஒவ்வொன்றாக வரிசையில் ஏற்றினால், தாத்தா கேட்கிற சாமிப் பாட்டுக்கு நடுவே குத்துப் பாட்டு வந்து விழாது. பாட்டு நிரப்பிய கார்டு என்று கடையில் விற்பது பெரும்பாலும் திருட்டுப் பதிவு. 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்கு விரோதம். நம் நாட்டுத் தமிழ்ப் பாடகர் வயிற்றிலும் அடிக்கிறது.

இனி காதைப் பற்றி. இதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செம்பனைக் காட்டில் குலை வெட்டும் நேரத்தில் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டாதீர்கள். ஒரு குலை பத்து, இருபது கிலோ கனக்கும். உயரத்திலிருந்து விழுகிறது. "குலை விழுது, தள்ளு!" என்று கூட நிற்பவர் போடுகிற சத்தம்தான் நமக்கு உயிர்க் கவசம். டிராக்டர் பின்னால் வருவதும், சருகுக்குள் பாம்பு சரசரப்பதும் காதால்தான் தெரியும். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் அப்படியே. குலை லாரியும் மணல் லாரியும் ஓடுகிற சாலை நம்முடையது. பின்னால் வரும் ஹாரன் கேட்காமல் போனால் பாட்டும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்.

புல்வெட்டு மெஷின் முதுகில் மாட்டியவர்களுக்கு இன்னொரு ஆபத்து. மெஷின் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்று சத்தத்தை மேலே மேலே ஏற்றுவார்கள். மெஷினும் அடிக்கும், பாட்டும் அடிக்கும். 2019-இல் நம் நாட்டில் வந்த வேலையிடச் சத்த விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 85 டெசிபல்தான் எல்லை. அதைத் தாண்டினால் முதலாளி காதுக் காப்பு கொடுத்தாக வேண்டும். இயர்போன் காதுக் காப்பு ஆகாது. காப்பைக் கேட்டு வாங்குங்கள், கேட்பது உங்கள் உரிமை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். டெசிபலை அளக்க நம்மிடம் கருவி ஏது? கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லையென்றால் சத்தம் அதிகம். காதில் ரீங்காரம் வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். போன காது திரும்பி வராது.

பாட்டு கேட்க இருக்கவே இருக்கிறது வேலை முடிந்த நேரம். குளித்து, டீ குடித்து, ஐந்தடியில் உட்கார்ந்து கேட்பதில் உள்ள சுகம் காட்டில் இல்லை. பெட்டியை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பேட்டரி கெடும். சார்ஜ் போடும் தலை சிரிம் முத்திரை உள்ளதாக இருக்கட்டும்.

கடைசியாக, இந்தச் சின்னப் பெட்டி செய்யக்கூடிய ஒரு பெரிய காரியம். 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு லயத்து வீடுகளிலும் ரேடியோ கேசட் பெட்டி வந்து சேர்ந்தது. சினிமாப் பாட்டு மட்டுமா அதில் இருந்தது? திருவிழாவில் பாடிய பாட்டு, ஆயாவின் தாலாட்டு, சாவு வீட்டில் பாடிய ஒப்பாரி, ஊரில் இருக்கும் தம்பிக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய குரல் என்று சில வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. மேரி, நைஜல் கார்ட்னர், மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை காலம் காத்துக் கிடந்தார்கள் என்பது வாசகர்கள் அறிந்ததே. இப்படி இடம் மாறும்போதெல்லாம் குப்பையோடு போவது இந்தக் கேசட்டுகள்தான். சினிமாப் பாட்டு எங்கேயும் கிடைக்கும். பாட்டியின் குரலுக்கு இரண்டாவது பிரதி கிடையாது.

அவற்றைக் கார்டில் ஏற்றிவிடலாம். ஓடுகிற கேசட் பெட்டி ஒன்று வேண்டும், இரண்டு பக்கமும் இயர்போன் முனை உள்ள ஒரு கம்பி வேண்டும், வெளிச் சத்தத்தை உள்ளே வாங்கும் துவாரம் உள்ள பெட்டியோ கணினியோ வேண்டும். கணினியில் ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். முதலில் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். தவறிப் பொத்தானை அமுக்கினாலும் பழைய குரல் அழியாது. ஒரு தடவை முழுக்க முன்னே ஓட்டி, பின்னே சுற்றி நாடாவைத் தளர்த்துங்கள். பெட்டியின் ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். நாடாவும் போகும், பெட்டியும் போகும். அதைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும், குறுக்கு வழி இல்லை. 60 நிமிடக் கேசட் 60 எம்பி என்றால், 200 கேசட்டும் ஒரு 16 ஜிபி கார்டில் அடங்கிவிடும்.

ஒரே கார்டை நம்பாதீர்கள். இன்னொரு பிரதியை அண்ணன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வையுங்கள். ஆயா உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். "இது யாரு குரல் ஆயா? எந்தத் தோட்டம்? எந்த வருஷம்?" என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் அதே பெட்டியில் பதிந்து, அந்தக் கேசட்டின் பெயரிலேயே சேர்த்து வையுங்கள்.