சேறு துடைத்த செய்தித்தாள்

இங்கிலாந்தின் யோர்க்ஷயர்ப் பகுதியிலே, ஹல் நகருக்கு அணித்தாகக் கொட்டிங்ஹாம் என்றோர் ஊர் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தையொட்டி அவ்வூர்ச் சிறுமி ஒருத்தி, பையன்களோடு உதைபந்தாட்டம் ஆடிவிட்டுத் தோழியின் வீட்டுக்குச் சென்றாள். அவளது சப்பாத்தில் அப்பியிருந்த சேற்றைக் கண்ட தோழியின் தாய், துடைத்துக்கொள்ளுமாறு பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அத்தாளிலே, முன்னொரு காலத்தில் சந்தைக் கூடாரங்களில் குத்துச்சண்டையிட்டுப் புகழ்பெற்ற பொலி பேர்ன்ஸ் என்னும் மாதின் வரலாறு அச்சாகியிருந்தது. துடைப்பதற்கு வாங்கிய தாளைச் சிறுமி வாசிக்கத் தொடங்கினாள். பெண்ணொருத்தி இதனைச் செய்திருக்கிறாள் என்ற செய்தியே அவளுக்குப் போதுமானதாயிற்று.

அச்சிறுமியின் பெயர் பார்பரா பட்ரிக். குத்துச்சண்டை அரங்கிலே அவர் ஈட்டிய வெற்றிகள் பல. ஆயினும், அவ்வெற்றிகளைவிட, பின்வந்த பெண்களுக்காக அவர் செய்துவைத்த காரியமே பெரிது என்பது எமது கருத்து.

மறுக்கப்பட்ட மேடை

1929 ஆம் ஆண்டின் இறுதியிற் பிறந்த பார்பரா, 4 அடி 11 அங்குல உயரமே உடையவர். எடையோ நூறு இறாத்தலுக்கும் குறைவு. பதினெட்டு வயதளவில் இலண்டனுக்குச் சென்று, பகலிலே சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் செய்து பிழைத்தார். மாலையிலே பயிற்சிக்கூடத்திற் கையுறை அணிந்தார். 1949 இல் கில்பேர்ண் பகுதியிலுள்ள கலையரங்கொன்றில் அவர் குத்துச்சண்டையிடப் போகிறார் என்ற செய்தி பரவியதும் எதிர்ப்பு மூண்டது. பெண்மைக்கு இழுக்கு என்றனர் சிலர்; விளையாட்டுக்கே இழுக்கு என்றனர் வேறு சிலர். ஈற்றில், எதிராளி இல்லாத மேடையிலே, வெறுங்காற்றைக் குத்தியும் தொங்கும் பந்தைக் குத்தியும் தம் திறமையைக் காட்டவேண்டியவரானார்.

நிழலோடு போரிட்டு எவரும் வீரராக முடியாது. எதிர்நிற்க ஒருவர் வேண்டும், நடுவர் வேண்டும், வென்றவர் இவரெனப் பதிவுசெய்ய ஓர் அமைப்பு வேண்டும். இவை யாவும் ஆண்மகனுக்கு இயல்பாகவே கிடைத்தன. பெண்ணுக்கோ சந்தைக் கூடாரமே கதியாயிற்று. அக்கூடாரங்களிற் சிலகாலம் சண்டையிட்ட பார்பரா, 1952 இல் அத்திலாந்திக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போனார்.

அங்கும் பாதை மலர் தூவியதாக இருக்கவில்லை. தம் எடைக்கு ஒத்த பெண்கள் கிடைத்தலரிது. 1954 இல் கனடாவின் கல்கரி நகரிலே, தம்மினும் உயரமும் எடையும் மிக்க ஜோ ஆன் ஹேகன் என்பவரோடு எட்டுச் சுற்றுக்கள் நின்று, புள்ளிக்கணக்கிலே தோற்றார். முப்பதுக்கு மேற்பட்ட போட்டிகளில் அவர் கண்ட தோல்வி இஃதொன்றே. 1957 இல் டெக்ஸாஸ் மாநில அதிகாரிகளின் அனுமதியோடு, சான் அந்தோனியோ நகரிலே பிலிஸ் கூக்ளரை வென்றார். அரசாங்கத்தின் அனுமதிபெற்ற மேடை பெண்களுக்குக் கிட்டியது அக்காலத்திற் பெரிய காரியம். 1960 இல், தாய்மைப்பேற்றையொட்டி, அரங்கை விட்டு விலகினார்.

மீண்டும் ஒரு தொடக்கம்

மற்றொருவராயின் கதை இவ்விடத்தே முடிந்திருக்கும். மயாமியிலே குடும்பம் நடத்தி, கணக்கு வேலை பார்த்து வந்த அம்மையார், அரங்கை மட்டும் மறந்தாரில்லை. அறுபதை அடுத்த வயதிலே, பெண்களுக்கென அனைத்துலகக் குத்துச்சண்டைச் சம்மேளனம் ஒன்றை நிறுவினார். எடைப் பிரிவுகள், தரவரிசை, உலகப் பட்டம் என, தம் இளமையிலே தமக்குக் கிட்டாத அனைத்தையும் பிறருக்கென ஒழுங்குசெய்தார். 1995 ஏப்ரலில் லாஸ் வேகஸ் நகரிலே பெண்களுக்கான உலகப் பட்டப் போட்டிகள் பல ஒரே இரவில் நடந்தேறின. அன்று தோற்றவர்களுள் ஒருவர் ஜேர்மனியின் ரெகீனா ஹால்மிக். அவரது தொழில் வாழ்விலே அதுவே முதலும் கடைசியுமான தோல்வி. அதே ஆண்டிற் சம்மேளனத்தின் பட்டத்தை வென்ற அவர், 2007 இல் ஓய்வுபெறும் வரை எவருக்கும் தோற்கவில்லை.

சம்மேளனத்தின் பட்டம் வேறொரு கதவையும் திறந்தது. இங்கிலாந்தின் பிளீட்வுட் என்னும் துறைமுக நகரிலே இனிப்புத் தொழிற்சாலையில் வேலைசெய்த ஜேன் கூச் என்பவர், 1996 இற் கோபன்ஹேகனில் சம்மேளனத்தின் உலகப் பட்டத்தை வென்றார். அவ்வுலகச் சம்பியன் சொந்த நாட்டிலே சண்டையிட அனுமதிப்பத்திரம் கோரியபோது, பிரித்தானியக் குத்துச்சண்டைச் சபை மறுத்தது. வழக்குத் தொழில் நியாயசபைக்குச் சென்றது. மாதவிலக்குக் காலத்திற் பெண்களின் மனநிலை தளம்பும். ஆதலால் அவர்கள் இவ்விளையாட்டுக்கு ஏற்றவரல்லர் என்பது சபை முன்வைத்த வாதங்களுள் ஒன்று. அவ்வாதம் எடுபடவில்லை. 1998 இல் தீர்ப்புக் கூச் அம்மையாருக்குச் சாதகமாயிற்று. அவ்வாண்டு நவம்பரிலேயே இலண்டனில் முறையான போட்டியில் இறங்கினார். அரை நூற்றாண்டுக்கு முன் பார்பரா வெறுங்காற்றைக் குத்திய அதே மாநகரில், பெண்ணொருத்திக்கு எதிராளி கிடைத்தாள்!

குத்துச்சண்டை நல்லதொரு விளையாட்டுத்தானா என்று வினவுவோர் உளர். வினவத் தக்கதே. மூளைக்கும் கண்ணுக்கும் நேரும் ஊறு, ஆண் பெண் என்று பார்ப்பதில்லை. அக்காரணத்தால் விளையாட்டையே நிறுத்துக என்போரின் வாதத்தில் நேர்மை உண்டு. ஆணுக்கு வீரமென்று புகழ்ந்ததையே பெண்ணுக்கு இழுக்கென்று தடுப்போரின் வாதத்திலோ அந்நேர்மை இல்லை. கில்பேர்ண் அரங்கில் எழுந்த எதிர்ப்பும் நியாயசபையில் எழுந்த வாதமும் இரண்டாவது வகையைச் சார்ந்தவை.

2009 இல் ஒலிம்பிக் குழு பெண்களின் குத்துச்சண்டையை ஏற்றது. 2012 இல் இலண்டன் ஒலிம்பிக்கிலே, ஆண்களுக்குப் பத்து எடைப்பிரிவுகள் இருக்க, பெண்களுக்கு மூன்றே வழங்கப்பட்டன. 2024 இற் பரிஸ் நகரில் ஆண்களுக்கு ஏழும் பெண்களுக்கு ஆறுமாக அவ்விடைவெளி குறுகிற்று. பெண்களின் முதலாவது ஒலிம்பிக் குத்துச்சண்டைத் தங்கத்தை வென்றவர் நிக்கலா அடம்ஸ். அவர் பிறந்த லீட்ஸ் நகரமும் பார்பரா பிறந்த யோர்க்ஷயரைச் சேர்ந்ததே. ஒருத்தி நாட்டைவிட்டுப் போகவேண்டியிருந்தது. மற்றொருத்தியை நாடே எழுந்து நின்று வாழ்த்திற்று.

அமெரிக்காவின் கனஸ்டோட்டாவிலுள்ள அனைத்துலகக் குத்துச்சண்டைப் புகழ்மண்டபம், 2020 ஆம் ஆண்டுக்குரிய பட்டியலிலேதான் முதன்முறையாகப் பெண்களுக்கு இடமளித்தது. அம்முதற் பட்டியலிலே தொண்ணூறு வயதையெட்டிய பார்பரா அம்மையாரின் பெயரும் இருந்தது.

சேறு துடைக்கக் கொடுத்த ஒரு தாள், முன்னே ஒருத்தி நடந்திருக்கிறாள் என்று அச்சிறுமிக்குச் சொல்லிற்று. தமக்குத் தற்செயலாகக் கிட்டிய அச்செய்தி, பின்வரும் பெண்களுக்குத் தற்செயலாக அன்றி உறுதியாகவே கிட்டவேண்டும் என்று உழைத்தமையே பார்பரா பட்ரிக் அம்மையாரின் பெருமை எனலாம்.