பழைய அலுவலகக் கணினிக்குப் புதிய எஸ்எம்பிஎஸ்: இணைப்பான் பொருந்தினால் மட்டும் போதுமா?

புதுடெல்லி: அலுவலகங்கள் கழித்துவிடும் டெல், ஹெச்பி, லெனோவா மேசைக் கணினிகள், டெல்லி நேரு பிளேஸ், பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு போன்ற சந்தைகளின் வழியே குறைந்த விலையில் மாணவர்களின் கைக்கு வந்து சேர்கின்றன. இவற்றின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் பழுதடையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கடைகளில் எளிதில் கிடைக்கும் பொதுவான எஸ்எம்பிஎஸ், இக்கணினிகளில் பலவற்றுக்குப் பொருந்தாது. தவறாக இணைத்தால் மதர்போர்டே எரிந்துபோகும் அபாயமும் உண்டு.

இன்டெல் நிறுவனம் 1995ஆம் ஆண்டு ஏடிஎக்ஸ் என்ற தரநிலையை அறிமுகப்படுத்தியது. எந்த நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸையும் எந்த மதர்போர்டிலும் பொருத்தலாம் என்பதே அதன் நோக்கம். தொடக்கத்தில் 20 முனைகளுடன் இருந்த இணைப்பான் பின்னர் 24 முனைகளாக விரிந்தது. ஆனால் பெரிய நிறுவனங்கள் அனைத்தும் இத்தரநிலையைப் பின்பற்றவில்லை. 1990களின் பிற்பகுதியில் வெளியான டெல் கணினிகள் சிலவற்றில் இணைப்பான் பார்வைக்கு ஏடிஎக்ஸ் போலவே இருந்தது. கம்பிகளின் வரிசை மட்டும் வேறாக இருந்தது. சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் தடையின்றி நுழையும். மின்சாரம் பாய்ந்த பிறகே தவறு தெரியவரும்.

இன்றைய அலுவலகக் கணினிகளில் அந்த மாறுவேடம் இல்லை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மாதிரியில் பிரதான இணைப்பானுக்கு 8 முனைகள். லெனோவா திங்க்சென்டர் மாதிரிகள் பலவற்றில் 14. ஹெச்பி அலுவலகக் கணினிகள் பலவற்றில் 6. இந்த எஸ்எம்பிஎஸ்கள் பெரும்பாலும் 12 வோல்ட் மட்டுமே தருகின்றன. வன்தட்டுக்குத் தேவையான 5 வோல்ட்டை மதர்போர்டே உருவாக்கிக்கொள்கிறது. வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் தந்திரம் என்று மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது. இதே கருத்தைத்தான் இன்டெல் பின்னாளில் ஏடிஎக்ஸ்12விஓ என்ற பெயரில் தரநிலையாக்கியது.

இணையத்தில் விற்கப்படும் மாற்று கேபிள்கள் 24 முனை இணைப்பானை 8 அல்லது 14 முனைக்கு மாற்றித் தருகின்றன. இங்கே கவனிக்கவேண்டியது காத்திருப்பு மின்சாரம். கணினி அணைந்திருக்கும்போதும் மதர்போர்டுக்குச் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டிருப்பதால்தான், பவர் பொத்தானை அழுத்தியதும் அது விழித்துக்கொள்கிறது. ஏடிஎக்ஸ் இதற்கு 5 வோல்ட் தருகிறது. மேற்கண்ட மதர்போர்டுகளில் சில 12 வோல்ட்டை எதிர்பார்க்கின்றன. அத்தகைய மாதிரிக்கு வோல்ட்டேஜை உயர்த்தும் சிறு சுற்று கேபிளிலேயே இருக்கவேண்டும். அது இல்லாத மலிவான கேபிளால் கணினி இயங்காமலே போகலாம். தன் மாதிரி எண்ணைப் பெயரிட்டுக் குறிப்பிடாத கேபிளை வாங்காமல் இருப்பதே நல்லது.

செலவு செய்வதற்கு முன், பழுது எஸ்எம்பிஎஸ்ஸில்தானா என்பதை உறுதி செய்யவேண்டும். ஆப்டிபிளெக்ஸ் மாதிரிகள் பலவற்றின் பின்புறத்தில், எஸ்எம்பிஎஸ் அருகே ஒரு சோதனைப் பொத்தானும் சிறு விளக்கும் உள்ளன. உள்ளே செல்லும் இணைப்புகளைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தும்போது விளக்கு எரிந்தால், எஸ்எம்பிஎஸ் நன்றாகவே இருக்கிறது. கோளாறு வேறெங்கோ உள்ளது.

மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழைய பெட்டியின் மேல் ஒட்டப்பட்டுள்ள பாகஎண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள பாகத்தைத் தேடுவதே பாதுகாப்பான வழி. வாட் அளவு ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியர் அளவு பழையதைவிடக் குறையக்கூடாது. பெட்டியின் வடிவத்தையும் பார்க்கவேண்டும். ஆப்டிபிளெக்ஸ் 9020இன் சிறிய வடிவத்துக்கு 255 வாட், பெரிய வடிவத்துக்கு 290 வாட் எஸ்எம்பிஎஸ்கள் உள்ளன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராது. கிராபிக்ஸ் கார்டுக்காக மட்டும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற எண்ணுவோர், தனி மின் இணைப்பு தேவைப்படாத கார்டு போதுமா என்று முதலில் யோசிக்கலாம்.

பழைய எஸ்எம்பிஎஸ்கள் சிலவற்றில் 115/230 என்று குறித்த சிவப்பு விசை இருக்கும். இந்தியாவில் அது 230இல் இருக்கவேண்டும். 115இல் வைத்து இயக்கினால் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிடும். பெட்டியைத் திறந்து சரிசெய்ய முயல்வதும் ஆபத்து. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும், உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.

கழற்றிய பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் குப்பையில் எறியாமல், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி ஒப்படைக்கவேண்டும்.