புது டைல்ஸ் மின்னுது... ஆனா பாத்ரூம் ஏன் நாறுது? நீங்களே கண்டுபிடிக்கலாம்!

பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. டைல்ஸ் பளபளவென இருக்கிறது. ஆனால், பாத்ரூம் கதவைத் திறந்தால் குப்பென்று சாக்கடை நாற்றம். வேலை பார்த்தவருக்கு போன் போட்டால், "புதுசுல அப்படித்தாங்க இருக்கும். பினாயில் ஊத்துங்க, சரியாயிடும்" என்பார். ஊற்றுவீர்கள். ஒரு மணி நேரம் பினாயில் வாசனை வரும். அதற்குப் பிறகு மறுபடியும் அதே நாற்றம்.

பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. ஆவடி, திருநின்றவூர் வரை வாடகைக்கு விடுவதற்காக மாடி எடுப்பதும், பழைய பாத்ரூமை இடித்து பெட்ரூமோடு 'அட்டாச்டு' ஆக்குவதும் சகஜம். பல தெருக்களில் இன்னும் செப்டிக் டேங்க்தான். பழைய லைனில் புது பைப்பைச் சேர்க்கும் இந்த மாதிரி வீடுகளில்தான் பிரச்னை அதிகம் கிளம்பும். நல்ல விஷயம் என்னவென்றால், பாதிக்கு மேற்பட்ட காரணங்களை டைல்ஸை உடைக்காமலே கண்டுபிடித்துவிடலாம்.

எல்லாம் அந்த ரெண்டு இன்ச் தண்ணீரில்தான்

உங்கள் வீட்டு பாத்ரூமுக்கும் செப்டிக் டேங்க்குக்கும் நடுவே கதவு கிடையாது. இருப்பதெல்லாம் கொஞ்சம் தண்ணீர். தரை ஜாலிக்குக் கீழே இருக்கும் 'நானி ட்ராப்', வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் 'பாட்டில் ட்ராப்', கமோடுக்குள் இருக்கும் வளைவு... இவை எல்லாவற்றிலும் சுமார் 50 மி.மீ., அதாவது ரெண்டு இன்ச் ஆழத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். கழிவு கீழே போகும். வாயு மேலே வராது.

இந்த ஐடியாவுக்கு வயது 250 ஆகிவிட்டது. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர், 1775-ல் இந்த வளைவு வைத்த கழிப்பறைக்கு காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் அதே டெக்னிக்தான்.

வீட்டு வேலை நடக்கும்போது இந்தத் தண்ணீர்ப் பூட்டு நாலு விதமாகக் கெட்டுப்போகும். சிமென்ட் பால் உள்ளே இறங்கி கல்லாகிவிடலாம். ட்ராப் வைக்காமலே பைப்பை நேராக இணைத்திருக்கலாம். புழங்காத பாத்ரூமில் தண்ணீர் காய்ந்துவிடலாம். வென்ட் பைப் அடைபட்டு, தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடலாம்.

முதலில், நாற்றம் எங்கிருந்து?

1. டம்ளர் டெஸ்ட்: குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, பாத்ரூமை விட்டு வெளியே வந்து முகர்ந்து பாருங்கள். தண்ணீரே அழுகிய முட்டை மாதிரி நாறினால் பிரச்னை போரிலோ, டேங்க்கிலோ இருக்கிறது. டிரெயினேஜைக் குறை சொல்ல வேண்டாம்.

2. டார்ச் டெஸ்ட்: தரை ஜாலியைக் கழற்றி போன் டார்ச்சை அடியுங்கள். தண்ணீர் மின்னுகிறதா? மின்னவில்லை என்றால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அன்றே நாற்றம் நின்றால், ட்ராப் காய்ந்திருந்தது என்று அர்த்தம். ஊற்றிய தண்ணீர் துளிகூட நிற்காமல் இறங்கிவிட்டால் அங்கே ட்ராப்பே இல்லை, அல்லது உடைந்திருக்கிறது.

3. கவர் டெஸ்ட்: தடிமனான பாலித்தீன் கவரில் தண்ணீர் நிரப்பி, இறுக்கி முடிச்சுப் போட்டு, சந்தேகப்படும் ஜாலி மேல் ராத்திரி வைத்துவிடுங்கள். தண்ணீர் மூட்டை ஓட்டையின் வடிவத்துக்கு அமர்ந்து காற்றை அடைத்துவிடும். காலையில் நாற்றம் இல்லையென்றால் குற்றவாளி சிக்கிவிட்டது. இருந்தால், அடுத்த ஜாலிக்கு மாறுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு ஓட்டை மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடினால் எது காரணம் என்று தெரியாது.

4. டிஷ்யூ டெஸ்ட்: எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, கதவை மூடி, மெல்லிய டிஷ்யூ பேப்பரை ஜாலி, கமோடு அடிப்பகுதி, பைப் சுவருக்குள் போகும் இடம் என ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். எங்கே பேப்பர் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகிறதோ, அங்கிருந்து காற்று வருகிறது. ஊதுபத்தி, தீக்குச்சி வேண்டாம். கழிவு வாயுவில் தீப்பற்றும் மீத்தேன் இருக்கிறது.

எப்போது நாறுது என்பதும் ஒரு க்ளூ

ஊருக்குப் போய்த் திரும்பும்போது மட்டும் நாறினால், காய்ந்த ட்ராப். மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழ்வீட்டு ஜாலியில் 'களக் களக்' சத்தம் கேட்டால், வென்ட் பிரச்னை. காற்று வர வழி இல்லாததால், மேலிருந்து விழும் தண்ணீர் கீழே இருக்கும் ட்ராப்பின் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

பெட்ரூமில் நாறினால் ஏ.சி-யைப் பாருங்கள். சுவருக்குள் மறைத்து எடுத்த ஏ.சி தண்ணீர் பைப்பை, ட்ராப் இல்லாமல் நேராக டிரெயினேஜ் லைனில் சொருகியிருந்தால், வாயு பெட்ரூமுக்கே வந்துவிடும். வாஷிங் மெஷின் ஹோஸைச் சுற்றி இருக்கும் இடைவெளியும் இப்படித்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்தால் மட்டும் நாறினால், நிலத்தடி நீர் ஏறி உறிஞ்சு குழி வேலை செய்யவில்லை, டேங்க் நிரம்புகிறது என்று சந்தேகப்படலாம்.

எதற்கு என்ன தீர்வு?

* காய்ந்த ட்ராப்: வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? தண்ணீர் ஊற்றிய பிறகு ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். அது மேலே மிதந்து, தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும்.
* சிமென்ட் படிந்த ட்ராப்: பிளம்பரை வைத்து எடுக்கலாம். இறுகிப்போயிருந்தால் ட்ராப்பையே மாற்ற வேண்டும்.
* கமோடு ஆடுகிறது, அடியில் ஈரம் கசிகிறது: மேலே ஒயிட் சிமென்ட் பூசினால் போதாது. கழற்றி, ஜாயின்ட்டைச் சரிசெய்து மறுபடி உட்கார வைக்க வேண்டும்.
* வென்ட் பைப்: மொட்டை மாடிக்கு மேலே நீண்டு, தலையில் வலை மூடியோடு இருக்க வேண்டும். மாடி எடுக்கும்போது பழைய வென்ட்டை வெட்டி, புது ஜன்னலுக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டார்களா என்று பாருங்கள்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் பாதிக்கும். ஆசிட் செப்டிக் டேங்க்கில் கழிவை மட்கவைக்கும் பாக்டீரியாக்களையும் கொல்லும்.

வெறும் நாற்றம்தானே என்று விடலாமா?

2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்று வந்தது. காய்ந்துபோன தரை ட்ராப்கள் வழியாக, எக்ஸாஸ்ட் ஃபேன் இழுத்த காற்றோடு கிருமி வீடுகளுக்குள் வந்திருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். உங்கள் வீட்டு நாற்றத்தால் அப்படி ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால், அந்த ரெண்டு இன்ச் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்று புரிந்திருக்கும்.

உண்மையான ஆபத்து டேங்க்குக்குள் இருக்கிறது. அழுகிய முட்டை வாசனைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு, காற்றில் 100 பி.பி.எம் அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகும். 'வாசனை இல்லையே' என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். தமிழ்நாட்டில் செப்டிக் டேங்க் மரணங்கள் இப்படித்தான் ரெண்டு, மூன்று பேராக நடக்கின்றன.

"உள்ளே கட்டட வேலை மண் கிடக்கு, ஒரு ஆளை இறக்கிடலாம் சார்" என்று யாராவது சொன்னால், 'வேண்டாம்ணே' என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல்முறைக்கே 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டுமே கிடைக்கலாம். 14420-க்கு போன் செய்து லாரியை வரவழையுங்கள்.

கடைசி செட்டில்மென்ட்டுக்கு முன்னாடி...

இப்போதுதான் வேலை நடக்கிறதா? அப்போ உங்களுக்கு சான்ஸ் இருக்கு. தரை மூடும் முன் பைப் லைனை, பக்கத்தில் டேப் வைத்து போட்டோ எடுங்கள். வேலை நடக்கும் வரை எல்லா ஓட்டைகளையும் துணி அல்லது மூடியால் அடைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் மேஸ்திரி முன்னாலேயே ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, டார்ச் அடித்து, தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாம். நிற்கவில்லை என்றால், "அண்ணே, இதை முடிச்சுட்டு வாங்கிக்கோங்க" என்று தயங்காமல் சொல்லலாம். பத்து நிமிட வேலைதான். புது டைல்ஸை உடைக்கும் செலவு மிச்சம்.