ஸ்டூட்லி பைக் நினைவுத்தூண்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில், டாட்மர்டன் ஊருக்கு மேலே, சுமார் 400 மீட்டர் உயரக் குன்றின் விளிம்பில் இத்தூண் நிற்கிறது. பென்னைன் நெடுநடைப்பாதை இதன் அடிவழியே செல்கிறது. ஏறும் வழியில் நிழல் இல்லை. புல்லும் நீர் ஊறிய கருமண்ணும்தான். எதிர்க்காற்று பலமானது.

நெப்போலியன் போர்கள் ஓய்ந்தபோது, 1815இல் கட்டி முடித்த முதல் தூண் 1854இல் இடிந்து விழுந்தது. கிரைமியப் போர் முடிந்த 1856இல், ஜேம்ஸ் கிரீன் வடிவமைத்த இந்த 37 மீட்டர்த் தூண் நிறைவுற்றது. தளபதி எவரின் புகழுக்காகவும் இன்றி, அமைதிக்காகவே ஊரார் இதை எழுப்பினர். இதன் பெருமையே அதுதான். 1889இல் பழுதுபார்த்தபோது இடிதாங்கி பொருத்தப்பட்டது.

உள்ளே 39 படிகள். நடுவில் இருள் அடர்ந்திருப்பதால் கைவிளக்கு தேவை. படிகள் முடியும் வெளிமாடத்திலிருந்து கால்டர் பள்ளத்தாக்கு தெரியும்.