குளிரை எண்ணும் விதை

எருக்கங்காய் வெடித்து, பஞ்சு கட்டிய விதை காற்றில் மிதந்து வந்தால், பிடிக்கத் துரத்தாத பிள்ளைகள் குறைவு. அந்த எருக்குக்கு வட அமெரிக்காவில் ஒரு பங்காளி உண்டு. பெயர் ஸ்வாம்ப் மில்க்வீட். கிள்ளினால் அதே பால், காய் வெடித்தால் அதே பஞ்சு. எருக்கு வறண்ட தரிசில் நிற்கும். இதற்கோ ஓடைக்கரையும் சதுப்பும்தான் வீடு. மூன்று முதல் ஐந்தடி வளர்ந்து, கோடையில் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். பனிக்காலத்தில் தண்டு காய்ந்துவிடும். வேர் மட்டும் உயிரோடிருந்து வசந்தத்தில் துளிர்விடும்.

இதன் விதையைப் பறித்த கையோடு விதைத்தால் பெரும்பாலும் முளைக்காது. இலையுதிர்காலத்தில் விழும் விதை உடனே முளைத்தால், பின்னாலேயே வரும் உறைபனியில் நாற்று செத்துவிடும். அதனால் ஈரமும் குளிரும் சேர்ந்து பல வாரம் பட்ட பிறகே விதை கண் விழிக்கும்.

வளர்ப்பவர்களுக்கு வழி இரண்டு. பனி விழுமுன் மண்ணில் தூவிவிட்டால், மிச்ச வேலையைக் குளிர்காலம் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் ஈர மணலில் விதையைக் கலந்து, பையில் கட்டி, ஃபிரிட்ஜில் 30 முதல் 60 நாள் வைக்கலாம். மணலைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு கால் அங்குலத்துக்கு மேல் புதையாமல் விதைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல் ஆண்டில் பூ இல்லையே என்று பிடுங்கிவிடக் கூடாது. அது வேர் பிடிக்கும் ஆண்டு.

பூவிலும் எருக்கின் சூட்சுமம்தான். மகரந்தம் தூளாக உதிராது. இரட்டைப் பொட்டலமாக, நடுவில் ஒரு கவ்வியோடு இருக்கும். தேன் குடிக்க வரும் தேனீயின் கால் பூவின் பிளவுக்குள் வழுக்கும். காலை இழுத்தால் பொட்டலமும் கூடவே வரும். அது இன்னொரு பூவில் சரியாகச் செருகினால்தான் காய் பிடிக்கும். இழுக்க வலுவில்லாத பூச்சி சிலசமயம் அங்கேயே மாட்டிச் சாகும்.

தேனுக்குப் பல பூச்சிகள் வரும். இலைக்கு வருவது மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்குக் குடும்பச் செடிகளைத்தான் அது தின்னும். பாலில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துப் பறவைகளிடமிருந்து தப்பும். நம் எருக்கிலையில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு செய்வதும் இதையே. ஆகவே இந்தச் செடியில் இலை ஓட்டையானால், மருந்தடிக்கும் பம்பை எடுக்காமல் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விருந்தாளி வந்திருக்கக்கூடும்.