நல்லா ஆடியும் ஏன் பெஞ்சில் உட்கார வைக்கிறாங்க?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் 40 நிமிடம். களத்தில் 5 பேர். ஆக, பயிற்றுவிப்பாளர் பிரித்துக் கொடுக்க இருப்பது 200 நிமிடம்தான். அணியிலோ பத்துப் பேருக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்க, யாராவது முகத்தைத் தூக்கி வச்சுக்கத்தான் செய்வாங்க.

புள்ளி எடுத்தா மட்டும் போதாது. தற்காப்புக்கு ஓடி வர்றாரா, பந்தைப் பறிகொடுக்காம ஆடுறாரா, பயிற்சியில் உழைக்கிறாரா என்றும் பார்ப்பாங்க. முற்பாதியிலேயே 2 ஃபவுல் வாங்கினா, நட்சத்திர ஆட்டக்காரரையும் பெரும்பாலும் வெளியே எடுத்துடுவாங்க. 5 ஆனா அவர் ஆட்டமே முடிஞ்சது!

1964க்கும் 1975க்கும் இடையில் யூசிஎல்ஏ அணிக்கு 10 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்த ஜான் வூடன், கத்துறதைவிட பெஞ்சைத்தான் நம்பினார். இன்னிக்கு அது சுலபமில்ல. 2021இல் விதி தளர்ந்தது. கோபம் வந்தா வேறு கல்லூரிக்கு மாறி, ஓராண்டு காத்திருக்காமலேயே ஆடலாம். அதனால, "உன்னை ஏன் இறக்கல"ன்னு உட்கார்ந்து விளக்குறதும் இப்போ பயிற்றுவிப்பாளர் வேலைதான்.